அனுமன் ஏன் வாய் திறந்தான்?

இலங்கையிலிருந்து திரும்பும் அனுமன் இராமனைச் சந்திக்கும் இடம், கம்பராமாயணத்தின் சுந்தர காண்டத்தில் திருவடி தொழுத படலத்தில் வருகிறது. வந்தவன் இராமனின் காலில் விழவில்லை. சீதை இருக்கும் தென்திசைக்குத் தலையையும் கைகளையும் நீட்டி, மண்ணோடு படிய விழுந்து வணங்கி வாழ்த்துகிறான். இராமன் குறிப்பால் உணரக்கூடியவன். அந்த ஒரு செயலிலிருந்தே அவள் உயிரோடு இருக்கிறாள், இவன் அவளைப் பார்த்துவிட்டான், அவள் கற்பும் நிலைத்திருக்கிறது என்று மூன்றையும் தெரிந்துகொள்கிறான். இதுவரை யாரும் ஒரு சொல் பேசவில்லை. இன்றைய கதைப் பட்டறை ஒன்றில் இந்தப் பகுதியைக் கொடுத்தால் ‘இங்கேயே நிறுத்திவிடுங்கள், இதற்குமேல் எழுதினால் கெட்டுவிடும்’ என்றுதான் அறிவுரை வரும். கம்பர் நிறுத்தவில்லை. அனுமன் எழுந்து பேசுகிறான். பார்த்துவிட்டேன் என்று பொருள்படும் வினைச்சொல் முதலில் வர, யாரை, எங்கே, எப்படி என்பவை பின்னால் வருகின்றன. அந்தச் சொல் வரிசையை மேடைதோறும் வியந்து பேசியிருக்கிறோம். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. இராமனுக்குத்தான் ஏற்கெனவே புரிந்துவிட்டதே, பிறகு அனுமன் ஏன் வாய் திறந்தான்?

அந்த வணக்கம் காட்டக்கூடியதை எல்லாம் காட்டி முடித்துவிட்டது என்பதுதான் காரணம். அவள் எப்படி இருக்கிறாள், எதைச் சகித்தாள், இன்னும் ஒரு மாதமே உயிர் தாங்குவேன் என்று கெடு வைத்திருக்கிறாள் என்பவற்றை எந்த உடலசைவாலும் தெரிவிக்க முடியாது. அவற்றுக்குச் சொல் வேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு அனுமன் சூடாமணியை எடுத்து நீட்டுகிறான். மறுபடியும் ஒரு காட்சி. காட்டி, சொல்லி, திரும்பக் காட்டுகிற இந்த மூன்று அடிகளில் ஒன்றை உருவினாலும் அந்த இடம் நொண்டும். புனைகதையில் எதைக் காட்டுவது, எதைச் சொல்வது என்ற விவாதத்தை இங்கிருந்து தொடங்குவது பொருத்தம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் இளைய எழுத்தாளர்களுக்கு இன்று கற்பிக்கப்படுவது இதில் பாதி மட்டும்தான்.

‘சொல்லாதே, காட்டு’ என்பது அந்தப் பாதி. எழுத்துப் பயிற்சி வகுப்புகளிலும், போட்டிக் கதைகளுக்கான நடுவர் குறிப்புகளிலும், கதை எழுதுவது எப்படி என்று விளக்கும் காணொளிகளிலும் இது ஏறக்குறைய இலக்கண விதியாகிவிட்டது. கமலாவுக்குக் கோபம் வந்தது என்று எழுதாதே, கமலா டம்ளரை ‘ணங்’கென்று மேஜையில் வைத்தாள் என்று எழுது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது நல்ல அறிவுரை. முதல் வாக்கியத்தில் கமலாவின் கோபம் ஒரு தகவல். இரண்டாவதில் வாசகர் அந்த அறைக்குள் நிற்கிறார், சத்தத்தைக் கேட்கிறார், கோபம் என்ற முடிவுக்குத் தானே வந்து சேர்கிறார். தானே வந்து சேர்ந்த முடிவை யாரும் எளிதில் மறப்பதில்லை. இதில் எனக்கு மாறுபாடு இல்லை. முதல் படியில் உதவும் கைத்தடியை ஓட்டப்பந்தயத்துக்கான விதியாக எழுதி வைத்திருக்கிறோம் என்பதே என் முறையீடு.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. மேற்கில் இதன் வேர் பழையது. பாத்திரமாக மாறிப் பேசுவதையும் கவிஞன் தன் குரலில் எடுத்துரைப்பதையும் பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலிலேயே வேறு வேறாகப் பிரித்தார். நாவலுக்கு இதை விதியாக்கியவர்களில் முக்கியமானவர் பெர்சி லப்பக். ஹென்றி ஜேம்ஸின் நாவல்களை முன்மாதிரியாக வைத்து 1921இல் ‘புனைகதையின் கைத்திறன்’ என்ற நூலில், கதை தன்னைத் தானே காட்டிக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1961இல், வெய்ன் பூத் ‘புனைகதையின் அணியியல்’ நூலில் இதற்கு எதிர்வாதம் எழுதினார். எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது, எந்தச் சொல்லால் வர்ணிப்பது, எங்கே வெட்டுவது என்ற ஒவ்வொன்றிலும் ஆசிரியர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் ஒளிந்துகொள்ளலாம், காணாமல் போக முடியாது என்பது பூத்தின் வாதம். கல்விப்புலத்தில் பூத்தின் கை ஓங்கியது. பட்டறைகளில் லப்பக்கின் நிழல்தான் நீடித்தது. அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: காட்சியைத் திருத்திக் கொடுப்பது ஆசிரியருக்கு எளிது, சிந்தனையைத் திருத்துவது கடினம்.

செகாவின் பெயரும் இந்த விதிக்குச் சாட்சியாக அடிக்கடி இழுக்கப்படுகிறது. 1886இல் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், நிலவொளியை வர்ணிக்க வேண்டாம், அணைக்கட்டில் கிடக்கும் உடைந்த பாட்டில் துண்டு மின்னுவதை எழுதினால் நிலா வந்துவிடும் என்ற பொருளில் அவர் யோசனை சொன்னது உண்மை. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து அவரே எழுதிய ‘கடற்பறவை’ நாடகத்தில் அந்த உடைந்த பாட்டில் திரும்ப வருகிறது. அங்கே இளம் எழுத்தாளன் திரெப்லெவ், புகழ்பெற்ற திரிகோரினைப் பற்றிப் பொருமுகிறான்: அவனுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது, பாட்டில் கழுத்து மின்னினால் போதும், நிலா இரவு தயார். பத்தே ஆண்டில் தன் நல்ல யோசனை ஒரு வித்தையாக உறைந்துபோனதைச் செகாவ் கண்டுகொண்டார் என்றே நான் இதைப் படிக்கிறேன். 1899இல் வெளிவந்த அவருடைய ‘டார்லிங்’ கதையில் ஓலென்காவின் திருமணங்களும் ஆண்டுக்கணக்கான வாழ்வும் பெரும்பாலும் சுருக்கிச் சொல்லப்பட்டே நகர்கின்றன. அந்தச் சுருக்கத்தில்தான் கதையின் வலியே இருக்கிறது. ஒரு ஆண் போய் இன்னொருவன் வரும்போது அவளுடைய கருத்துகள் எவ்வளவு வேகமாக மாறிவிடுகின்றன என்பதைக் காட்சி காட்சியாக நீட்டியிருந்தால் நாம் உணர்ந்திருக்கவே மாட்டோம்.

நம்மிடம் இந்த விவாதத்துக்கு வேறொரு பாரம்பரியம் இருக்கிறது. நாம் கதை எழுதுகிறோம் என்பதைவிடக் கதை சொல்கிறோம் என்றுதான் அதிகம் பேசுகிறோம். நவீனத் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகப் பலர் கருதும் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வந்தது. அதில் ஒரு மரம் உட்கார்த்தி வைத்து நமக்குக் கதை சொல்கிறது. அதே வேளையில், காட்டுவதைப் பற்றிய நுட்பமான சிந்தனையும் நம்மிடம் மிகப் பழையது. உள்ளத்தில் எழுவது உடலில் தெரிவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் என்று தனி இயலே வகுத்தார். உள்ளுறை, இறைச்சி என்று சொல்லாமல் உணர்த்தும் வழிகளுக்குப் பெயரிட்டார். அகப்பாடல்களில் கவிஞர் தன் குரலில் நம்மிடம் பேசுவதே இல்லை. தலைவி, தலைவன், தோழி, செவிலி என யாரோ ஒருவர் பேசுகிறார், நாம் ஒட்டுக் கேட்கிறோம். காட்டும் கலையின் உச்சம் என்று குறுந்தொகையைச் சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் அந்தக் குறுந்தொகையை நாம் எப்படி வாசிக்கிறோம்? ஒவ்வொரு பாடலுக்கும் கீழே ஒரு கூற்றுக் குறிப்பு இருக்கிறது. பிரிவிடை வருந்திய தலைவி தோழிக்குச் சொன்னது, வரைவு நீட்டித்தபோது தோழி தலைவனுக்குச் சொன்னது என்பது போல. இவை கவிஞர்கள் எழுதியவை அல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. சில பாடல்களில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் பேசுவது தலைவியா தோழியா என்பதே தடுமாறும், பொருளும் திசை மாறும். ஆறு அடிப் பாடல் காட்டுகிறது, அதன் காலடியில் இருக்கும் உரைநடை வரி சொல்கிறது. இரண்டும் சேர்ந்துதான் நம் கைக்கு வந்திருக்கின்றன. குறிஞ்சி நிலமென்றால் புணர்ச்சி, நெய்தலென்றால் இரங்கல் என்ற மரபு எல்லார் தலையிலும் இருந்தவரை காட்டினால் போதுமாயிருந்திருக்கும். அந்தப் பொது அறிவு மங்கத் தொடங்கும்போது யாராவது சொல்ல வேண்டியதாகிறது. காட்சி தனியே நின்று பேசுவதில்லை. எழுதுபவரும் வாசிப்பவரும் பகிர்ந்துகொள்ளும் உலகத்தின் தோளில் ஏறி நின்றுதான் அது பேசுகிறது.

இதிலிருந்து ஓர் அளவுகோலை எடுக்கலாம். ஒரு வாக்கியம் காட்டுகிறதா, சொல்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்த வாக்கியம் வாசகரின் வேலையைப் பறிக்கிறதா, அவருக்குப் புதிய வேலை கொடுக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். கமலா டம்ளரை ‘ணங்’கென்று வைத்தாள் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அவளுக்கு அவ்வளவு கோபம் என்று எழுதினால் அது பறிப்பு. வாசகர் கண்டுபிடித்ததை அவர் கையிலிருந்து பிடுங்கி, இதோ பார் என்று அவருக்கே திருப்பித் தருவது. மாறாக, கல்யாணமான பதினோரு வருடத்தில் கமலா சத்தம் வர ஒரு பாத்திரத்தை வைத்தது அன்றைக்குத்தான் என்று அடுத்த வரி சொன்னால், அதுவும் சொல்லல்தான், காட்சி அல்ல. ஆனால் அந்த வரி பதினோரு வருட அமைதியை ஒரே நொடியில் கொண்டுவந்து அந்தச் சத்தத்தின் பின்னால் நிறுத்துகிறது. இதுவரை இவள் எதையெல்லாம் விழுங்கியிருக்கிறாள் என்று வாசகர் யோசிக்கத் தொடங்குகிறார். நடக்காமல் இருந்த ஒன்றை, பதினோரு வருடம் தொடர்ந்து நடக்காமல் இருந்த ஒன்றை, எந்தக் காட்சியாலும் காட்ட முடியாது. பழக்கம், காலம், இல்லாமை, ஒரு ஊரின் வரலாறு, ஒரு மனிதன் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை எல்லாம் சொல்லலின் நிலம்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையை இந்த அளவுகோலால் பாருங்கள். சில பக்கங்களே உள்ள கதை. ஆலைத் தொழிலாளி அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரக் கணவன் முருகேசன், வீட்டில் கஞ்சிக்கு வழியில்லை. அவள் ஒரு சந்தின் இருட்டுக்குள் போகிறாள், முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அந்த நிகழ்வை ஆசிரியர் காட்டவே இல்லை. இருட்டு மூடிக்கொள்கிறது, தொகை மட்டும் தெரிகிறது. பிறகு கடைசியில் அவர் நேரே வாசகர் பக்கம் திரும்பிப் பேசுகிறார். பட்டறை விதிப்படி இது பெருங்குற்றம், ஆசிரியர் குறுக்கீடு. ஆனால் அந்தக் குறுக்கீடு நடந்ததை விளக்கவில்லை. அம்மாளு ஏன் போனாள், அது சரியா தவறா என்று தீர்ப்பும் சொல்லவில்லை. கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டு பத்திரமாக உட்கார்ந்திருந்த வாசகரின் சட்டையைப் பிடித்துக் கதைக்குள் இழுத்துவிடுகிறது. அந்த வரிகளை நீக்கினால் நமக்குக் கிடைப்பது ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றிய இரக்கக் கதை. அவை இருப்பதால் குற்றவாளிக் கூண்டில் நாம் நிற்கிறோம்.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ இன்னொரு வகை. 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய கதை. மழை நாளில் காரில் வந்த ஒருவனிடம் தன்னை இழந்து வீடு திரும்பும் மகளைத் தாய் முதலில் அடிக்கிறாள், அலறுகிறாள். பிறகு அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மூடி மறைத்து, உள்ளே அழைத்துப் போய், தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். இதுவரை காட்சி, அதுவும் மிகச் சிறந்த காட்சி. இங்கே அந்தத் தாய் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்ணீர் தண்ணீராகவே இருந்திருக்கும். தீட்டுக் கழிப்பதாக எடுத்துக்கொள்ளலாம், தண்டனையாக எடுத்துக்கொள்ளலாம், வெறும் தலைக்குளியலாகவும் எடுத்துக்கொள்ளலாம். நீ சுத்தமாகிவிட்டாய் என்று அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். அந்தச் சொல்லில்தான் நீர் நெருப்பாகிறது, தலைப்புக்குப் பொருள் வருகிறது. ஜெயகாந்தன் அதிகம் பேசும் எழுத்தாளர் என்று குறை சொல்பவர்கள் உண்டு, சில கதைகளில் அது நியாயமும்கூட. ஆனால் இந்தக் கதையில் பேச்சே செயல். தாய் சொல்வதால் மகள் மாறுகிறாள். சொல்லின் ஆற்றலில் நம்பிக்கை வைத்த ஒரு கலாச்சாரத்தில், வாழ்த்தும் சாபமும் வாக்கும் சபதமும் நிகழ்ச்சிகளாகவே இருக்கும் ஒரு மொழியில், சொல்லலை மட்டமான கருவி என்று எப்படி ஒதுக்க முடியும்?

காட்டுவதால் மட்டுமே நடக்கக்கூடிய கதைகளும் நம்மிடம் உண்டு, அவற்றின் அருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. கு.ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’ அப்படிப்பட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் கணவன் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வருகிறது. குஞ்சம்மாளும் அவள் சகோதரனும் இரவு ரயிலில் கிளம்புகிறார்கள். ரயில் ஓடுகிறது, சக பயணிகள் பேசுகிறார்கள், பேச்சு அறுந்து அறுந்து தொடர்கிறது. அந்த இரவின் நீளத்தை யாராவது நமக்குச் சொல்லியிருந்தால் அது நீண்டிருக்காது. நாமும் கூடவே விழித்திருந்துதான் விடியலுக்கு வந்து சேர வேண்டும். விடியும்போது வரும் அந்த விபரீதமான நிம்மதியை ஆசிரியர் முன்கூட்டி ஒரு வார்த்தையில் விளக்கியிருந்தால் கதை செத்திருக்கும். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையும் இப்படித்தான். தீர்வை பாக்கிக்காக ஜப்தி செய்யப்பட்ட வீட்டுக் கதவைக் குழந்தைகள் வேறோர் இடத்தில் கண்டுபிடித்துத் தழுவிக்கொள்வதற்குமேல் அங்கே எந்த விளக்கத்துக்கும் இடமில்லை.

ஆனால் இன்று காட்சி என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி இந்த வகை அல்ல. முஷ்டி இறுகியது, தொண்டை வறண்டது, கண்களில் நீர் திரையிட்டது, இதயம் ஒரு நொடி நின்று துடித்தது. பத்திரிகைக் கதைகளில் இவை பத்திக்கு ஒன்றாவது இருக்கின்றன. கோபம், பயம், துக்கம், அதிர்ச்சி என்ற நான்கு சொற்களை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் நான்கு உடலுறுப்புகளை வைத்தால் அது காட்டல் ஆகிவிடாது. அது மாறுவேடம் போட்ட சொல்லல், அதுவும் நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் சொல்லல். அவனுக்குப் பயமாக இருந்தது என்ற நேர்மையான மூன்று சொற்கள் இதைவிட எவ்வளவோ மேல். காட்சிக்கான விவரம் அந்த ஆளுக்கு, அந்த இடத்துக்கு, அந்த நிமிடத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். எவர் முஷ்டியும் இறுகும். பயந்துபோன ஒரு தபால்காரர் கையிலிருக்கும் கடிதக் கட்டை ஏற்கெனவே அடுக்கிய வரிசையிலேயே மறுபடி அடுக்கினால் அது அவருக்கு மட்டுமே உரியது. இந்த வித்தியாசத்தைக் கற்பிக்காமல் விதியை மட்டும் கற்பிப்பதால்தான் எல்லாக் கதைகளிலும் ஒரே உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கிறது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பை நான் மதிக்கிறேன். தமிழ்ப் புனைகதை நீண்ட காலம் பிரசங்கத்தால் பாழ்பட்டது, அந்த நோய்க்கு மருந்தாகத்தான் இந்த விதி வந்தது, அதைத் தளர்த்தினால் பழைய நோய் திரும்பும் என்பார்கள். மு. வரதராசனின் ‘கரித்துண்டு’, ‘அகல் விளக்கு’, நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ போன்ற நாவல்களில் பாத்திரங்கள் நின்று நிதானித்துக் கருத்துரைப்பதும், ஆசிரியர் பொன்மொழி போலப் பேசுவதும் உண்மை. ஆனால் இதே நாவல்களை ஒரு தலைமுறை தலைமேல் வைத்துக் கொண்டாடியது, ‘குறிஞ்சி மலர்’ நாயகன் நாயகியை நினைத்து அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த வாசகர்கள் ஏமாந்தவர்கள் அல்லர். வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு நேரான குரல் ஒன்றை அவர்கள் தேடினார்கள், கிடைத்தது. அந்த நாவல்கள் இன்று பலருக்கு ஒட்டாமல் போவது அவை சொல்வதால் அல்ல. சொல்லும் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திவிடுகின்றன என்பதால்தான். நல்லவன் நல்லவன், அவன் நினைப்பது சரி, அதை ஆசிரியரும் ஆமோதிக்கிறார் என்றால் வாசகருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்தபோது அதுவும் முழுக்கச் சொல்லலாகவே இருந்தது. குறிப்புகள், நாட்குறிப்புகள், கருத்துகள், வாக்குவாதங்கள். வழக்கமான காட்சிகள் மிகக் குறைவு. ஆனால் அதில் ஒவ்வொரு கூற்றும் அடுத்த கூற்றை உரசுகிறது, வாசகர் ஜே.ஜே.யோடு வாதாடிக்கொண்டே போகிறார். நோய் சொல்லலில் இருந்திருந்தால் இந்த நாவல் பிழைத்திருக்காது.

இரண்டாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. திரையில் வளர்ந்த தலைமுறைக்குக் காட்சிதான் பிடிபடும், விவரிப்பை அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள் என்கிறார்கள். தாண்டிப் போகிறார்கள் என்பது சரியாகவே இருக்கட்டும். அதற்காக உரைநடை திரைக்கதையாக மாறுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். ஒரு முகத்தைக் காட்டுவதில் கேமராவோடு போட்டியிட்டு எந்த வாக்கியமும் வெல்லாது. இரண்டு நொடியில் திரை காட்டும் அறையை வர்ணிக்க நமக்கு அரைப் பக்கம் வேண்டும். ஆனால் முப்பது வருடத்தை அரை வரியில் தாண்டுவதும், அந்த முப்பது வருடத்தைப் பற்றி ஒரு கருத்து வைத்திருப்பதும் உரைநடைக்கு இயல்பாக வருகிறது. அதைச் செய்ய வேண்டிய இடத்தில் சினிமாவே பின்னணிக் குரலைக் கடன் வாங்குகிறது. கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு சமூகம் தெற்கே பெயர்ந்து வந்த கதை, மங்கத்தாயாரு அம்மாள் என்ற கிழவியின் வாயிலிருந்து வருகிறது. ‘கதவு’ கதையில் விளக்கம் சொல்லாமல் விட்ட அதே கி.ரா.தான் இங்கே ஒரு பாட்டியை உட்கார வைத்துச் சொல்லச் சொல்கிறார். கதவுக்குக் காட்சி போதும், தலைமுறைகளின் பயணத்துக்கு வாய் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் தீவிரமான ஒரு விஷயம் இருக்கிறது. காட்டினால் போதும் என்ற விதி, காட்டியதை வாசகர் சரியாக வாசித்துக்கொள்வார் என்று நம்புகிறது. முன்பு சொன்னது போல அது பொதுவான உலகத்தைச் சார்ந்தது. அந்தப் பொது உலகம் யாருடையது? ஒரு பாத்திரம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தெருவைக் கடக்கிறது என்று காட்டினால், அந்த வலியைச் சுமந்தவருக்கு அது போதும். அதை அறியாமலே வளர முடிந்தவருக்கு அது ஒரு வினோதமான பழக்கமாகத் தெரியலாம். 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ தன் ஊர்ப் பேச்சிலேயே நேராக, வெளிப்படையாகச் சொல்கிறது. நடந்தது இது, இதனால் எனக்கு நேர்ந்தது இது என்று. அந்தச் சொல்லலில் கலை குறைவு என்று நினைப்பவர்கள், யாருக்குக் குறிப்பால் பேசும் வசதி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பூமணியின் ‘வெக்கை’ எதிர்த்திசையில் போகிறது. கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவன் சிதம்பரமும் அவன் தகப்பனும் காட்டிலும் மேட்டிலும் அலையும் நாட்களை, விளக்கவுரை எதுவும் பெரிதாக இல்லாமல் நாவல் காட்டிக்கொண்டே போகிறது. இரண்டுமே சாதியத்தின் கொடுமையை எழுதிய நூல்கள், இரண்டுமே தங்கள் வழியில் முழுமையானவை. அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி எழுந்தது. வியட்நாமில் பிறந்த நாவலாசிரியர் வியட் தான் நுயென் 2017இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து வரும் எழுத்தாளர்களுக்கு இந்தப் பட்டறை விதிகள் எப்படிப் பகையாகின்றன என்று எழுதினார்.

அப்படியானால் எழுதுகிறவர் நடைமுறையில் என்ன செய்வது? பாத்திரம் ஒரு முடிவை நோக்கித் திரும்பும் நிமிடம் காட்சியாகவே வேண்டும், அங்கே வாசகர் உடனிருக்க வேண்டும். அந்த நிமிடத்துக்கு எடை சேர்ப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால் சொல்லப்பட்டதுதான். அசோகமித்திரனைவிட அடக்கமாக எழுதியவர் தமிழில் அரிது. அவருடைய ‘தண்ணீர்’ நாவலில் குழாயடியும் குடங்களும் வரிசையும் எந்தக் கருத்துரையும் இல்லாமல் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் நொறுங்கிக் கிடக்கும் ஜமுனா மீள்வதற்கான திருப்பம் டீச்சரம்மா தன் வாழ்க்கையை அவளிடம் சொல்வதில் இருக்கிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்கிறாள், அவ்வளவுதான். எங்கே தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், எங்கே யாரைப் பேசவிட வேண்டும் என்று அசோகமித்திரன் எடுத்த முடிவு அது. முதல் வரைவை முடித்த பின், ஒவ்வொரு காட்சியின் கடைசி இரண்டு வாக்கியங்களையும் விரலால் மறைத்துப் படித்துப் பார்ப்பது உதவும். மறைத்தபின் ஒன்றும் குறையவில்லை என்றால் அவை பறிக்கும் வாக்கியங்கள், வெட்டிவிடலாம். அதேபோல் மூன்று பக்கம் நீளும் ஒரு பயணக் காட்சியையோ காபி குடிக்கும் காட்சியையோ ஒற்றை வரியாகச் சுருக்கிப் பார்க்கவும் வேண்டும். அந்த மூன்று பக்கத்தில் யாரும் மாறவில்லை என்றால் ஒரு வரி போதும்.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ எப்போதும் அதன் முடிவுக்காகவே பேசப்படும் கதை. தனக்குப் பரிசு தராமல் விட்டவரை ஒரு சிறுவன் வீட்டுக்கு அழைக்கிறான், உபசரிக்கிறான், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. குழந்தையின் ஏக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, கதைசொல்லியின் வெட்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. காட்டலுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தேட வேண்டாம் என்பார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையின் முற்பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்தக் குழந்தைகளுக்கும் தனக்கும் உள்ள நட்பைப் பற்றி, தான் அவர்களை மற்றப் பெரியவர்கள் நடத்துவது போல நடத்தாமல் உண்மையான நண்பர்களாகவே வரித்துக்கொண்டதைப் பற்றிக் கதைசொல்லி நிறையச் சொல்கிறார், நேராகவே சொல்கிறார். தன் அன்பில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பேச்சை எல்லாம் கேட்டுவிட்டு வருவதால்தான், கடைசியில் அந்தச் சின்னக் கை டைரியை நீட்டும்போது, அவர் வாயடைத்துப் போவது நமக்குக் கேட்கிறது.